சிறுவாட்டுக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் அடுப்புக்கு வலப்புறச் சுவர்தான் அம்மாவின் கணக்குப் புத்தகம். கரித்துண்டால் நான்கு நெட்டுக்கோடு, குறுக்கே ஒரு கோடு, கட்டுக்கு ஐந்து. மேல்வரிசையில் பால் ஊற்றிய வீடுகள். அதற்குக் கீழே முட்டை. ஓரமாக, யாரோ விளையாட்டாய் இழுத்துவிட்டதுபோலத் தெரியும் சில கோடுகள். அவை வாரத்துக்கு, அதாவது பாதிப் பங்குக்கு, விட்ட ஆடுகள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மார்கழிக் கடைசியில் பொங்கலுக்காக வீட்டை வெள்ளையடிப்போம். அதற்குள் வர வேண்டியதை வாங்கிவிடுவார். வராத பாக்கி மனசில் ஏறிக்கொள்ளும். சுண்ணாம்பு மட்டை சுவரில் ஒருமுறை ஏறி இறங்கியதும் ஒரு வருசக் கணக்கு காணாமல் போய்விடும். மாட்டுப் பொங்கல் கழிந்ததும் புதுக்கோடு விழும்.

ஒரு வெள்ளாமைக் குடும்பத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் நம் கைக்குக் கிடைப்பவை பட்டா, சிட்டா, அடங்கல், கிரயப் பத்திரம், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் ரசீது. அத்தனையும் அப்பன், பாட்டன் பெயரில் இருக்கும். அந்தக் காகிதங்களை மட்டும் படித்தால், அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போனார்கள், காய்ச்சலுக்கு யார் காசு கொடுத்து ஊசி போட்டார்கள், மழை பொய்த்த வருசத்தில் அடுப்பு எப்படி எரிந்தது என்று ஒன்றும் விளங்காது. அந்தக் கேள்விகளுக்கு விடை இருந்த சுவரில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசியிருக்கிறோம்.

கிராமத்துத் தாயைப் பற்றி எழுதும்போதெல்லாம் தியாகம் என்ற சொல் முந்திக்கொண்டு வருகிறது. அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது கணக்கை மூடிவிடுகிறது. பிள்ளைக்காக உருகினாள், உண்ணாமல் வைத்தாள் என்று சொன்னதும், அவள் எதை வைத்து, எப்படி, எந்தத் திட்டத்தோடு அந்தப் பிள்ளையைக் கரைசேர்த்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவின் பாசத்துக்கு முதல் இருந்தது, வரவு இருந்தது, வராக்கடன் இருந்தது, ரகசியம் இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் பெயர் சிறுவாடு.

வீட்டுப் பொதுக்காசோடு சேராமல், ஆண்கள் அறியாமலோ அறிந்தும் அறியாததுபோல விட்டோ, ஒரு பெண் தன் கையில் சேர்த்து வைக்கும் சிறுபணம் சிறுவாடு. கடுகு டப்பாவிலும் அடுக்குப்பானையின் அடியிலும் சுருக்குப்பையிலும் கிடப்பது. சொல்லில் ‘சிறு’ இருப்பதால் பொருளையும் சிறிதென்று நினைத்துவிட்டோம்.

திருச்செங்கோட்டைச் சுற்றிய மேட்டாங்காட்டில் வெள்ளாமை என்றால் பெரும்பாலும் மானாவாரி. ஆடியில் மழை இறங்கினால் நிலக்கடலை, சோளம். ஊடே துவரை, தட்டைப்பயறு, ஆமணக்கு. பின்மழையை நம்பிக் கொள்ளு. கடலைக்காசு வருசத்தில் ஒருமுறை, மொத்தமாக, ஆண் கையில் வந்து விழும். வந்த வேகத்தில் உரக்கடைக்கும் வட்டிக்கும் கிணற்றை ஆழப்படுத்தியதற்கும் போய்விடும். வீட்டுச் செலவோ தினமும் சில்லறை சில்லறையாகக் கேட்கும். உப்பு, சோப்பு, பென்சில், பேருந்துக்கட்டணம், சளி மருந்து. மொத்தமாக வரும் வரவுக்கும் சில்லறையாக நிற்கும் செலவுக்கும் நடுவே மாதக்கணக்கில் ஒரு பள்ளம். இதில் இன்னொரு கொடுமை, பள்ளிக்கூட நாள்காட்டி ஜூனில் தொடங்குகிறது. ஜூன் என்றால் வைகாசிக் கடைசியும் ஆனியும். காட்டில் விதைகூட விழாத காலம். வருசத்திலேயே கையில் காசு மிகவும் வற்றிக் கிடக்கிற அந்த நேரத்தில்தான் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வெள்ளாமைக்காரர் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய படிப்பு ஆனி மாதத்தில்தான் நின்றிருக்கிறது. நின்றுபோகாத வீடுகளில் அந்தப் பள்ளத்தைத் தூர்த்தது எது என்று விசாரித்தால், நான் பேசிப் பார்த்த இடங்களிலெல்லாம் ஓர் எருமையோ ஆடோ கோழியோதான் வந்து நின்றது.

கோழியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மாவும் அங்கிருந்துதான் தொடங்கினார். அடைக்குச் சேர்ந்த கோழியை அதன் கொக்கரிப்பிலேயே கண்டுகொள்வார். உடைந்த கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒற்றைப்படையில் ஒன்பதோ பதினொன்றோ முட்டை வைப்பார். பக்கத்தில் ஒரு துண்டு இரும்பும் அடுப்புக்கரியும் கிடக்கும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடக் கூடாதாம். ஏழெட்டு நாள் கழித்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து, ஓட்டு இடுக்கில் ஒழுகும் வெயிலுக்கு நேரே, விரல்களை வளையமாக மடக்கிப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே நரம்பு ஓடியிருந்தால் திரும்பவும் கோழிக்கடியில் போகும். தெளிவாக இருந்தால் கூமுட்டை. இருபத்தொரு நாளில் குஞ்சு. பருந்துக்கும் கீரிக்கும் போக நாலைந்து தேறும். கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடை காலியாகிவிடும். அப்படி ஒரு கோடையில் அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் செத்த கோழிகளைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, அன்றைக்கே தன் அக்காவிடம் நடந்து போய் ஒரு பெட்டைக்கோழி கேட்டு வாங்கி வந்தார். அதையும் தானமாக வாங்கவில்லை. பொரிப்பதில் பாதி குஞ்சு என்று பேச்சு.

முட்டை விற்ற காசு சேர்ந்தால் ஆடு. வெள்ளாடு சினைப்பட்டு ஐந்து மாதத்தில் ஈனும். பெரும்பாலும் இரண்டு குட்டி. நாலைந்து ஆட்டுக்கு மேல் வீட்டில் கட்டினால் அப்பாவுக்குக் கணக்குத் தெரிந்துவிடும், தவிர மேய்க்கவும் ஆளில்லை. எனவே மிச்சத்தை வாரத்துக்கு விடுவார். தாயாடு அம்மாவுடையது, வாங்கிப்போனவர் மேய்த்து வளர்ப்பார், ஈனும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. இதற்கு எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஆடு செத்தால் தோலையோ காதையோ கொண்டுவந்து காட்டினால் போதும். வாங்கிப்போகிறவர் அநேகமாக இன்னொரு தாயாகத்தான் இருப்பார், அம்மாவைவிட இல்லாதப்பட்டவராக. அரை ஊரைச் சுற்றி அப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத மந்தை மேய்ந்துகொண்டிருந்தது.

எருமை பெரிய படி. அதைப் பிடிக்க ஆட்டுக்காசு போதாது, சீட்டும் எடுக்க வேண்டும். ஆனால் எருமை வந்துவிட்டால் காலையும் மாலையும் காசு. பாலின் கொழுப்பும் டிகிரியும் பார்த்து விலை போடும் சங்கத்துக்கு ஒரு பங்கு, வாடிக்கை வீடுகளுக்கு ஒரு பங்கு, மிஞ்சியது உறைக்கு. ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஊர்ப்பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் அந்தச் சரக்கு கொங்குநாட்டு எருமைகளிடமிருந்து வந்தது. விடியுமுன் எழுந்து கறந்தும் கடைந்தும் கொடுத்த கைகளின் பெயர் அதில் ஒட்டவில்லை.

இப்படிப் படிப்படியாக முதல் சேர்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உ.வே.சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டை ஒருமுறை நிதானமாகப் படித்தபோது பெரும்பாணாற்றுப்படையில் நின்றுவிட்டேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்தப் பாட்டில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைகிறாள். பானையைத் தலையில் ஏற்றி ஊருக்குள் போய் மோர் விற்கிறாள். அதற்குக் கிடைத்ததைக் கொண்டு தன் சுற்றத்தாருக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு மட்டும் வேறு கணக்கு. பொன் கொடுத்தாலும் வாங்காமல், பால் எருமையும் நல்ல பசுவும் எருமைக் கன்றுமாக மாற்றிக்கொள்கிறாள்.

உரையாசிரியர்கள் இதைப் பண்டமாற்றுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் அம்மாவின் சுவர் தெரிகிறது. மோர் வரவு அன்றைய சோற்றுக்கு, நெய் வரவு நாளைய முதலுக்கு என்று அவள் பிரித்திருக்கிறாள். இதைப் பாடிய புலவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்! பொன் ஈனாது, எருமை ஈனும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்ததை அவர் விடாமல் பதிந்துவைத்திருக்கிறார். பிற்காலத்தில் நம்மிடம் வந்த கணக்கெடுப்பு அதிகாரிகள் எத்தனையோ பேருக்கு அந்தக் கண் இருக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு நேரே இந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்டது பெரும்பாலும் ‘இல்லை’ அல்லது ‘வீட்டு வேலை’. கேட்டவர் ஆண், பதில் சொன்னவரும் ஆண். 1991-இல்தான் கேள்வியிலேயே ‘சொந்தக் காட்டிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்த வேலையும் சேர்த்து’ என்ற பொருளில் ஒரு விளக்கம் ஏறியது. 2001-இல் வீட்டுக்காக மட்டுமே பால் உற்பத்தி செய்தாலும் அவர் உழைப்பாளி என்று வரையறை விரிந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கடந்து, எருமை கறப்பது வேலை என்று காகிதத்தில் ஏற்றுக்கொண்டோம். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது: சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். காட்டு வேலையும் மாட்டு வேலையும் அதற்கு வெளியே.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. மானிடவியல் அறிஞர் ஜோன் மென்ச்சர் தமிழ்நாட்டு, கேரளக் கிராமங்களில் கூலிவேலை செய்யும் குடும்பங்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுவது. பெண்கள் குறைவாகச் சம்பாதித்தார்கள், ஆனால் சம்பாதித்ததில் ஏறக்குறைய முழுவதையும் வீட்டுக்கே தந்தார்கள். ஆண்கள் அதிகம் சம்பாதித்தும் ஒரு பங்கைத் தங்கள் சொந்தச் செலவுக்கு நிறுத்திக்கொண்டார்கள். குடும்பத் தலைவர் வருமானத்தைக் கூட்டினால் குடும்பம் முழுவதும் உயர்ந்துவிடும் என்று திட்டம் போட்டவர்களுக்கு அது பெரிய எச்சரிக்கை. ஒரே கூரையின் கீழ் இரண்டு கஜானாக்கள் இருந்தன. பிள்ளையின் வயிறும் படிப்பும் நோயும் பெரிதும் சிறிய கஜானாவின் பொறுப்பில் இருந்தன.

இதையெல்லாம் சொல்லும்போது சிறுவாட்டைப் பொன்னால் இழைத்துக் காட்டிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஒளித்து வைக்க நேர்ந்ததே உரிமை இல்லாததால்தான். தன் கையால் களை வெட்டி, பறித்து, காயவைத்து, புடைத்த கடலையில் ஒரு படியை அள்ளி வளையல்காரருக்குப் போட்டதற்காக, சொந்த வீட்டிலேயே திருடி என்று பெயர் வாங்கிய பெண்களை நான் அறிவேன். குடிக்கிற கணவன் உள்ள வீட்டில் பானையின் அடி பாதுகாப்பான இடமாக இருந்ததில்லை. காசைச் சாணிவறட்டி அடுக்குக்குள் வைத்துவிட்டு, எந்த வறட்டி என்று மறந்து, எரிந்த பிறகு தேடி அழுத ஒரு பாட்டி எங்கள் தெருவில் இருந்தார்.

எல்லாத் தாய்க்கும் சிறுவாடு வாய்த்ததும் இல்லை. கோழி வளர்க்க வாசல் வேண்டும், ஆடு வளர்க்க மேய்ச்சல் வேண்டும். நிலமில்லாத தலித் குடும்பத்துத் தாய்க்கு இரண்டுக்கும் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கடலை பறித்து முடிந்த காட்டில் மண்ணுக்குள் தங்கிய காய்களைக் கொத்திப் பொறுக்கி விற்பதுதான் அவர்களுக்கு இருந்த சிறுவாடு. அதற்கும் காட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு வருசம் அப்படி விரட்டியதுண்டு. அம்மா அன்று மாலை அப்பாவிடம் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது நாடு முழுவதும் கறுப்புப் பணத்தைப் பற்றிப் பேசியது. கிராமங்களில் வெளியே வந்தது சிறுவாடு. மடித்து மடித்துத் தழும்பேறிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு வயதான பெண்கள் மகனிடமும் பேரனிடமும் போய் நின்றார்கள். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை செலுத்தினால் கேள்வி இருக்காது என்று அரசு சொன்னது. அரசு கேட்காததை வீடு கேட்டது. ‘இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்த?’ என்ற கேள்விக்குமுன் அவர்கள் நின்ற நிற்பைப் பார்த்தவர்களுக்கு அது லேசில் மறக்காது. பணம் வங்கிக்குப் போனது, திரும்பவும் வந்தது. ரகசியம் திரும்பவில்லை.

ரகசியமில்லாமலேயே ஒரு பெண் காசு வைத்துக்கொள்ள முடியும் என்பதைத் தமிழ்நாடு வேறு வழியில் முன்பே சோதித்துப் பார்த்திருந்தது. 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் உண்மையில் சிறுவாட்டைத் திண்ணைக்குக் கொண்டுவந்தவை. பானைக்கடியில் போட்டதை நோட்டுப் புத்தகத்தில் போட்டார்கள். 2011-இல் அரசு விலையில்லா ஆடுகள் கொடுத்தபோது, வீட்டுக்கு நான்கு என்று பெண்கள் பெயரிலேயே கொடுத்தது. தேசிய ஊரக வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள், கூலி அவரவர் கணக்கில் ஏறியது. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகத் தொடங்கியது. அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது, தொகையைவிடப் பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

இதே கதவு வழியாக நுண்கடன் கம்பெனிகளும் நுழைந்தன. வாரத் தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் உட்கார வேண்டிய ஏற்பாடு. சிறுவாட்டுக்குத் தவணை நாள் கிடையாது. ஆடு ஈனும்போது பங்கு தீரும். கழிச்சல் வந்தால் அடுத்த ஈத்துக்குத் தள்ளும். மானாவாரிப் பூமியின் நிச்சயமின்மையைத் தெரிந்து உருவான கடன் அது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தவணை கேட்டு வருபவருக்கு அந்தப் பூமியைத் தெரியாது.

நிலம்தான் கடைசிவரை அசையாதது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வரும்படி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை கொடுத்தது. ஆனால் அந்த நாளுக்குமுன் கல்யாணமாகிப் போன மகள்களுக்கு அது இல்லை. என் அம்மாவின் தலைமுறை முழுவதும் அந்தத் தேதிக்கு அந்தப்பக்கம் நின்றது. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அவர்களில் பலருடைய பிறந்த வீட்டுச் சொத்து எப்போதோ பாகம் பிரிந்திருந்தது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பிலுள்ள சாகுபடி நிலவுடைமைகள் நூற்றுக்கு 14 அளவில்தான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. அவற்றில் ஏறிப்போன ஆண்கள் மாதக்கணக்கில் வடக்கே இருக்க, இங்கே பண்ணயத்தை நடத்துபவர் தாயார். ஒரு கறவை மாட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போன அம்மாவிடம் பட்டா யார் பெயரில் என்று கேட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார்கள். அன்று அம்மா வைத்திருந்த மாடுகள் நான்கு. அந்த மாட்டுப்பாலில்தான் அப்பா பெயரிலிருந்த பழைய கடனே அடைந்துகொண்டிருந்தது.

பழைய சாத்திர நூல்கள் பெண்ணின் சொந்தச் சொத்தான ஸ்த்ரீதனத்தை மகள் வழிக்கு, அதிலும் கல்யாணமாகாத மகளுக்கு முதலில் என்று வகுத்தன. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அதை மகன், மகள், கணவன் எல்லோருக்கும் சமமாக்கியது. சிறுவாடு எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. அது எவ்வளவு, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாதபோது எதைப் பாகம் பிரிப்பது?

அம்மாவின் கருமாதி முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில், நாங்கள் யாரும் முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். இரண்டு கல் தொலைவிலுள்ள ஊர். கையில் ஒரு குட்டி, கயிற்றில் ஒரு குட்டி. அக்காதான் விசாரித்தார்.

“உங்கம்மா வாரத்துக்கு உட்ட மூடுங்க. ரெண்டு ஈத்து, நாலு குட்டி. சந்தைக்கு ஓட்டறக்கு முந்திச் சொல்லோணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. இது ரெண்டும் அவுங்க பாகம். தாயாட்டையும் வேணும்னா ஓட்டிக்கிட்டு வந்து உட்டுட்டுப் போறனுங்க.”

அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து குட்டிகளைப் பார்த்தார். அப்படி ஓர் ஆடு இருந்தது அவருக்கும் தெரியாது. அக்கா அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு குட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று கிடா, ஒன்று பெட்டை.

“தாயாடு உங்ககிட்டயே இருக்கட்டுங்கக்கா. அதே வாரம்தான்” என்றார்.

பெட்டைக்குட்டியை அன்று மாலைப் பேருந்தில் மடியில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.